வீல் பேன்ட் வெட்டும் முன் விமானத்தைத் தூக்கி நிறுத்துங்கள்

என் ஆர்வி-7ஏ விமானத்துக்கு ஒரு வாரம் முழுக்க இரண்டு இடது கால்கள் இருந்தன. முதன்மைச் சக்கரங்களுக்கான ஃபைபர்கிளாஸ் உறைகள் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது எது இடது, எது வலது என்று அவற்றுக்கே தெரியாது. சக்கரத்தைத் தாங்கும் காலுக்கான பள்ளத்தை எந்தப் பக்கம் வெட்டுகிறோமோ அதை வைத்துத்தான் அது முடிவாகிறது. முதல் உறையை ஒழுங்காக வெட்டி முடித்த குஷியில், அதையே மாதிரியாக வைத்து இரண்டாவதிலும் அப்படியே கோடு போட்டு வெட்டிவிட்டேன். சக்கரத்தில் மாட்டப் போனபோதுதான் உறைத்தது.

அதை எப்படிச் சரிசெய்தேன் என்று பின்னால் சொல்கிறேன். முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது வேறு: வெட்டுவது இதில் சின்ன வேலை. இயந்திரம் கையில் இருக்கும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒரு மணி நேரம் தேறாது. மற்ற நாட்களெல்லாம் அளப்பதிலும், கோடு போடுவதிலும், மாட்டிப் பார்த்துக் கழற்றுவதிலும்தான் போகும். அதில் அவசரப்பட்டால்தான் மாட்டிக்கொள்வோம்.

அமெரிக்காவில் இதை வீல் பேன்ட் என்பார்கள், சக்கரத்துக்குப் போடும் கால்சட்டை என்ற கணக்கில். பிரிட்டனில் இதற்கே ஸ்பாட் என்று பெயர். ஓரிகான் மாநிலம் ஆரோராவில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட்டின் ஆர்வி வரிசைக் கிட் விமானங்களை (பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்பவை) வைத்தே இங்கே எழுதுகிறேன், எனக்குக் கைப்பழக்கம் அதில்தான். வேலையில் பாதிக்கு மேல் நாமே செய்தால் 'அமெச்சூர் பில்ட்' வகையில் பதிவு செய்துகொள்ளலாம் என்பது அங்குள்ள விதி. அதனால்தான் இந்த உறைகளும் முழுதாக முடிக்கப்படாமல் வருகின்றன. ஒவ்வொன்றும் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டு. வேறு கிட் கட்டுகிறவர்களுக்கும் முறை ஏறத்தாழ இதுதான், அளவுகள் மட்டும் மாறும். நான் சொல்லும் எண்ணுக்கும் உங்கள் கிட்டின் வரைபடத்துக்கும் முரண்பாடு வந்தால், வரைபடத்தையே பின்பற்றுங்கள்.

உறை இல்லாமலும் விமானம் பறக்கும். பலர் முதல் சில பறத்தல்களை உறை மாட்டாமலேதான் முடிக்கிறார்கள், பிரேக்கில் எண்ணெய் கசிகிறதா, டயர் எப்படித் தேய்கிறது என்று குனிந்தாலே தெரியும் என்பதால். நானும் அதையே சொல்வேன். ஆனால் வேகம் வேண்டுமென்றால் உறை வேண்டும். காற்றின் இழுவை வேகத்தின் இருமடிப்படி ஏறும். மணிக்கு 100 மைல் வேகத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கு 200 மைலில் இருக்கும். ஆர்வி-7 போன்ற விமானம் ஏறக்குறைய அந்த 200-ஐத் தொட்டுப் பறப்பது. அதன் கீழே மொட்டையாக ஒரு டயரும் பிரேக்கும் நீட்டிக்கொண்டிருந்தால், காற்று அவற்றின் பின்னால் சுழன்று கலைந்துவிடும். நீர்த்துளி வடிவ உறையின் நீண்ட வால்தான் காற்றை மெல்ல ஒன்றுசேர்த்து அனுப்புகிறது. அந்த வால் விமானத்தின் போக்கிலிருந்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால், அதுவே சின்னச் சுக்கான் ஆகிவிடும். கால் மிதியைத் தொடாமலே, விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் கருவியின் பந்து நடுவை விட்டு விலகி நிற்கும். எங்கே கோளாறு என்று வால் சுக்கானையும் இறக்கையையும் நோண்டிக்கொண்டிருப்போம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

சின்னக் கையடக்கச் சுழல் கருவி ஒன்று, டிரெமல் மாதிரி. அதற்கு வைரத்தூள் பூசிய வெட்டுத் தகடு. 80, 120, 220 உப்புத்தாள்கள். பழைய பிவிசி குழாய்த் துண்டு இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இவற்றின் மேல் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் வளைந்த ஓரங்கள் அழகாக வரும். தூக்குக்குண்டு, ரசமட்டம், கொத்தனார்கள் நூல் அடிக்கும் சாயக்கயிறு, அகல மாஸ்கிங் டேப், மெல்லிய மார்க்கர். லேசர் மட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தூக்குக்குண்டு பொய் சொல்லாது.

முகமூடி கட்டாயம். துணி முகமூடி போதாது, நுண்தூசியைத் தடுக்கும் வடிகட்டி உள்ளதாக இருக்க வேண்டும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை. ஃபைபர்கிளாஸ் தூசி தோலில் பட்டால் சேனைக்கிழங்கு நறுக்கிய கை மாதிரி அரிக்கும், இரண்டு நாளைக்கு விடாது. மணிக்கட்டிலும் கழுத்திலும் முன்னதாகவே கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டால் ஓரளவு தப்பலாம். வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீரில், தேய்க்காமல், ஓடவிட்டுக் கழுவுங்கள். வெந்நீரில் நேராகப் போய் நின்றால் அரிப்பு இன்னும் கூடும். அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு துவைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே தூசி உறிஞ்சியின் வாயை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தால் பாதித் தொல்லை குறையும்.

இரண்டு பாதியை ஒன்றாக்குவது

முதலில் மேசை வேலை. முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடத்தில் ஒன்றின் விளிம்பு உள்வாங்கிய படியாக இருக்கும், மற்றது அதன் மேல் உட்காரும். எதுவரை வெட்ட வேண்டும் என்பதற்குப் பெரும்பாலும் வார்ப்பிலேயே ஒரு கீறல் கோடு விழுந்திருக்கும். வெள்ளை மேற்பூச்சில் அது சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழலாகத் தெரியும். அதன் மேல் பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே டேப் ஒட்டுங்கள்.

கோட்டின் மேலேயே வெட்டாதீர்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டு மீதியை உப்புத்தாளால் தேய்த்து வாருங்கள். தகடு தானாக வெட்டட்டும், அழுத்த வேண்டாம். புகை வந்தாலோ பிசின் கருகும் வாடை வந்தாலோ வேகம் அதிகம் அல்லது தகடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். நேர்க்கோட்டைத் தேய்க்கும்போது உப்புத்தாளை விரலால் பிடிக்காமல் நீளமான மரக்கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். விரலால் தேய்த்தால் ஓரம் அலை அலையாக வரும், வண்ணம் அடித்த பிறகு எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும்.

இரண்டு பாதியும் நெருக்கமாக உட்கார்ந்ததும் டேப்பால் இறுக்கிக் கட்டி, திருகு வரும் இடங்களில் முதலில் சின்னத் துளையாகப் போடுங்கள். ஒவ்வொரு துளை போட்டதும் அதில் ஒரு கிளீகோ. தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் வில் ஊசிதான் அது; விமானம் கட்டுகிறவர் வீட்டில் கரண்டியைவிட அதிகமாக இருக்கும். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிப் போங்கள். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரத்துக்குப் போனால் கடைசியில் ஒரு புடைப்பு வந்து நிற்கும். துளையின் மையம் ஓரத்திலிருந்து அரை அங்குலமாவது தள்ளியிருக்கட்டும். துளை போடத் தொடங்கும்போது டிரில்லை ஒரு கணம் எதிர்த்திசையில் சுழலவிட்டால் மேற்பூச்சு சில்லுத் தெறிக்காது.

விமானத்தைத் தூக்குவது

புதியவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். விமானம் தரையில் நிற்கும்போது உறையை மாட்டி, கண்ணுக்கு நேராக இருக்கிறது என்று துளை போட்டுவிடுகிறார்கள். ஆர்வி விமானங்களின் கால் மெல்ல ஒடுங்கிப் போகும் ஓர் உருக்குத் தண்டு. அமெரிக்காவின் ஓஷ்கோஷ் ஊர் விமான நிலையத்துக்கே பெயர் தந்த விமான வடிவமைப்பாளர் ஸ்டீவ் விட்மன் உருக்கின் வில்தன்மையை நம்பிக் கால் செய்து காட்டியவர், அவர் வழி வந்ததுதான் இதுவும். அது ஒரு வில். விமானத்தின் எடை ஏறும்போது கால் அகலும், அச்சு திரும்பும், அதில் மாட்டிய உறையும் சேர்ந்து திரும்பும். பறக்கும்போது எடை இல்லை, கால் தன் இயல்புக்கு வந்துவிடும். தரையில் நேராக இருந்த உறை வானத்தில் கோணலாக நிற்கும்.

அதனால் இறக்கையின் அடியில், விமானத்தைத் தரையோடு கட்டிவைக்கும் புள்ளிகளில் ஜாக்கி கொடுத்து, மூன்று சக்கரமும் தரையை விட்டு ஒரு விரல் அளவு எழும்படி தூக்குங்கள். வால் மேலேயோ கீழேயோ போகாதபடி அசையாமல் கட்டி நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், மரத்தாங்கிகளையும் வையுங்கள். காக்பிட் ஓரமாக ஓடும் நீளத் தண்டின் மேல் ரசமட்டத்தை வைத்து, முன்பின்னாகவும் இடவலமாகவும் மட்டம் பாருங்கள். விமானம் பறக்கும் நிலை என்று வரைபடம் சொல்வது இதைத்தான்.

அப்புறம் தரையில் கோடு. உடலின் நடுக்கோட்டில் முன்னால் ஓரிடத்திலும் வால் முனையிலும் தூக்குக்குண்டை இறக்கி, இரண்டு புள்ளியையும் சேர்த்துச் சாயக்கயிற்றால் நூல் அடியுங்கள். அதற்கு இணையாக, ஒவ்வொரு சக்கரத்துக்கும் நேர் கீழே இன்னும் ஒரு கோடு. இந்த மூன்று கோடுகளும் சரியாக விழுந்துவிட்டால் மனசு லேசாகிவிடும். எனக்கு இதற்கு ஒரு முழு மாலை பிடித்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு முறை அளந்தேன்.

சக்கரத்தில் உட்காரவைப்பது

டயர் நுழையும் அளவுக்கு உறையின் அடியில் வாய் வெட்டாமல் இதை மாட்ட முடியாது. ஆனால் முழு அளவு எது என்று மாட்டிப் பார்க்காமல் தெரியாது. வழி ஒன்றுதான்: முதலில் சின்னதாக வெட்டி, மாட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்குவது. முதல் வெட்டில் டயரின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும்.

காலும் பிரேக்கும் வரும் உட்பக்கப் பள்ளமும் அப்படியே. வெட்டும் முன் உறையை விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்து, உடலை நோக்கிய பக்கத்தில் பெரிய எழுத்தில் 'உள்ளே' என்று எழுதுங்கள். இரண்டு உறையிலும் எழுதுங்கள். நான் எழுதவில்லை. பள்ளத்தின் மூலைகளில் முதலில் வட்டமாகத் துளை போட்டு, துளையிலிருந்து துளைக்கு வெட்டுங்கள். கூரான மூலை விட்டால் அதிர்வில் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும்.

அடுத்து உயரம். டயரின் உச்சிக்கும் உறையின் உட்கூரைக்கும் நடுவே ஓர் அங்குலக் கட்டை ஒன்றை வைத்து, உறையை அதன் மேல் உட்காரவையுங்கள். மரமோ கெட்டியான ஃபோமோ எதுவானாலும் சரி. உறையின் மூக்கு நுனியிலிருந்தும் வால் நுனியிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் இரண்டும் தரைக்கோட்டின் மேல் நிற்க வேண்டும். பிறகு பக்கவாட்டில், உறையின் நடுக்கோடு மட்டமாக இருக்கிறதா என்று மூக்கு, வால் இரண்டின் உயரத்தையும் தரையிலிருந்து அளந்து பாருங்கள். ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகையின் தரையை நீர் வடியச் சரிவாகக் கட்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தரையை நம்பாமல், ஒரு நீர்க்குழாய் மட்டமோ லேசரோ வைத்து அளப்பது உத்தமம்.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நகரும். டேப், மடித்த அட்டை, மரச்சீவல் எல்லாம் செருகி ஒரு வழியாக மூன்றும் சரியாக நின்ற பிறகு, வேறு வேலை பார்த்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். அப்போதும் நகராமல் இருந்தால் துளைக்குப் போகலாம்.

அச்சின் நுனியில் மாட்டிய தாங்கி உறைக்குள்ளே மறைந்திருக்கும். அதன் திருகுத் துளை வெளியே எங்கே வரும்? வண்ணம் அடிக்காத ஃபைபர்கிளாஸ் பெரும்பாலும் ஒளியைக் கசியவிடும். ஹேங்கர் விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே தாங்கியின் பின்னால் சின்ன எல்இடி விளக்கு ஒன்றை வைத்தால், துளை ஒரு வெளிச்சப் புள்ளியாக வெளியே தெரியும். அதன் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி. பூச்சு கனமாக இருந்து வெளிச்சம் வராவிட்டால், ஒரு திருகின் நுனியைக் கூராகத் தீட்டி, துளையில் உள்ளிருந்து வெளியே பார்க்கும்படி செருகி, உறையை அதன் மேல் லேசாக அழுத்துங்கள். உட்பரப்பில் ஒரு கீறல் விழும். அங்கே சின்னத் துளையாகப் போட்டு, திருகு நேராக நுழைகிறதா என்று பார்த்த பிறகு முழு அளவுக்குப் பெருக்குங்கள்.

வாயைப் பெருக்குவது

இப்போது உறை தன் இடத்தில் தானே நிற்கும். அடியில் படுத்துப் பாருங்கள். அரை அங்குலத் தடிமனுள்ள சின்னக் கட்டையின் ஒரு பக்கத்தில் மார்க்கரைக் கட்டி, மறுபக்கம் டயரின் பக்கச்சுவரைத் தொட்டபடி வாயைச் சுற்றி ஓட்டினால், டயரிலிருந்து ஒரே இடைவெளியில் ஒரு கோடு கிடைக்கும். அதுதான் வெட்ட வேண்டிய கோடு. சக்கரத்தைக் கையால் முழுச்சுற்றுச் சுற்றிப் பாருங்கள். டயர் முழு வட்டமாக இருக்காது, மேடான இடம் எங்கே வருகிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும்.

அரை அங்குலம் ஏன்? டயர் புதிதில் ஒரு அளவு, காற்றடித்துச் சில வாரம் ஓடியபின் கொஞ்சம் பருத்து இன்னொரு அளவு. வேகமாகச் சுழலும்போது இன்னும் விரியும், தரை தொடும் அடியில் பக்கவாட்டில் பிதுங்கும். ஆர்விகளில் வரும் 5.00-5 டயர் ஏறக்குறைய 14 அங்குல விட்டம், ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்றே வேறுபடும். தேய்ந்த டயரை வைத்து நெருக்கமாக வெட்டினால் அடுத்த டயர் உரசும். அதற்காக அகல வாய் வெட்டினால் இழுவை கூடும். சிமென்ட் ஓடுபாதையில் மட்டும் பறப்பவர் நெருக்கமாக வைக்கலாம். புல்தரையில் இறங்குபவருக்குக் கல்லும் சேறும் உள்ளே போகும், போனது வெளியே வரவும் வழி வேண்டும். நானாக இருந்தால் புல்தரைக்காரருக்கு இன்னும் கால் அங்குலம் கூட்டுவேன், மழைக்காலத்தில் உறையைக் கழற்றியே வைத்துவிடுவேன்.

பிரேக் காலிப்பர், பிரேக் எண்ணெய்க் குழாய் இரண்டிலும் உறை எங்கேயும் தொடக் கூடாது. குழாயில் உரசினால் முதலில் தேய்வது உறை அல்ல.

மூக்குச் சக்கரத்துக்கும் வேலை இதேதான். சக்கரக் கவட்டை இடவலமாகத் திருப்பும்போதும் எங்கும் இடிக்கக் கூடாது என்பதையும், இழுத்துச்செல்லும் கம்பி மாட்ட இடம் வேண்டும் என்பதையும் கூடுதலாகக் கவனித்தால் போதும்.

வெட்டி முடித்ததும் எல்லா ஓரங்களையும் வட்டமாகத் தேய்த்து, வெளியே தெரியும் நார்களின் மேல் மெல்லியதாக எபாக்ஸிப் பிசின் பூசுங்கள். இல்லாவிட்டால் நீரும் எண்ணெயும் ஓரம் வழியாக ஊறும்.

இரண்டாவது இடது கால்

தவறாக வெட்டினாலும் குடி முழுகிப்போவதில்லை. என் உறையின் தவறான பள்ளத்தை இப்படி மூடினேன். பள்ளத்தைச் சுற்றி உட்பக்கத்தில் ஓரிரு அங்குல அகலத்துக்கு, ஓரத்தை நோக்கிச் சரிவாக, கூர்மையாகத் தேய்த்தேன். வெளிப்பக்கம் உறையின் வளைவுக்கு ஏற்ப மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை வளைத்து, அதன் மேல் பெட்டி ஒட்டும் டேப்பைப் போட்டு, இறுக்கி ஒட்டினேன். எபாக்ஸி அந்த டேப்பில் பிடிக்காது. பிறகு உள்ளிருந்து கண்ணாடித் துணியை ஒன்றைவிட ஒன்று பெரிதாக மூன்று அடுக்கு வெட்டி, எபாக்ஸி தோய்த்து வைத்து, குமிழ் இல்லாமல் தூரிகையால் குத்திக் குத்தி அமுக்கினேன். மறுநாள் தகட்டை உரித்தால் பளபளவென்று ஒரு புதுத் தோல். அதைச் சொரசொரப்பாகத் தேய்த்து, மைக்ரோபலூன் (உள்ளே வெற்றான நுண்ணிய மணிகளின் தூள்) கலந்த எபாக்ஸியால் மேடுபள்ளம் நிரவி, சரியான பக்கத்தில் புதிதாகப் பள்ளம் வெட்டினேன்.

உறை பாலியெஸ்டர் பிசினில் செய்ததானாலும் அதன் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். மாற்றிச் செய்யாதீர்கள், எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. ஒட்டு கொஞ்சம் எடை கூட்டும், வண்ணம் அடித்தால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

காற்றடிக்க ஒரு ஓட்டை

உறை மாட்டிய பிறகு டயர் வால்வு உள்ளே போய்விடும். ஒவ்வொரு முறையும் காற்றுப் பார்க்கப் பத்துத் திருகைக் கழற்றினால், சீக்கிரமே காற்றுப் பார்ப்பதையே விட்டுவிடுவீர்கள். வால்வு சக்கரத்தின் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் ஓர் அங்குல ஓட்டை போட்டு, அதற்கு ஒரு மூடி வையுங்கள். ஓட்டை எங்கே என்பதை வால்வு அங்கே வந்து நிற்கும்போது மேலே சொன்ன விளக்கு வித்தையாலேயே குறித்துக்கொள்ளலாம். வால்வு ஓட்டைக்கு நேராக நிற்கும்போது டயரின் பக்கச்சுவரில் தரையோரமாக ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வையுங்கள். பிறகு விமானத்தைத் தள்ளி, அந்தப் புள்ளி அடியில் வந்ததும் நிறுத்தினால் வால்வு கையில் கிடைக்கும்.

உறைகளை மாட்டிய பிறகு எடை, சமநிலைக் கணக்கைப் புதுப்பித்துப் பதிவேட்டில் எழுத மறக்காதீர்கள்.

முதல் ஐந்தாறு தரையிறக்கங்களுக்குப் பிறகு முன்பாதியைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். வெள்ளைச் சுவரில் எங்காவது கரிக்கோடு போல் ரப்பர் தடம் இருந்தால், அங்கே மூன்று மில்லிமீட்டர் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். என்னுடையதில் வலது உறையில், ஒட்டுப் போட்ட பக்கத்தில், ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது.